மூளையின் வேதியியலும் மனித மனமும்: ஆர்விட் கார்ல்சனின் ஆய்வுலகம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கவிதையும் காப்பியமும் பேசப்படும் ஓர் அவையில் மூளையின் வேதியியலுக்கு என்ன வேலை என்னும் வினா எழுதல் இயல்பே. இலக்கியம் மனத்தைப் பாடுகிறது. நரம்பியல் மூளையை ஆராய்கிறது. இரண்டும் வேறு வேறு நாட்டின் மொழிகள் போலத் தோன்றலாம். ஆயினும் தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றொரு தனி இயல் வகுத்தார் என்பதை இவ்வவை மறந்திராது. உள்ளத்தில் எழும் உணர்வு உடலின்வழி வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாகும் தன்மையே அவ்வியலின் பொருள். இருபதாம் நூற்றாண்டின் நரம்பியலார் அதே பாதையை மறுமுனையிலிருந்து தொடங்கினர். உடலினுள் ஒரு வேதிப்பொருள் குறைந்தால் மனிதனின் நடையும் முகமும் விருப்பும் என்ன ஆகின்றன என்று அவர்கள் கேட்டனர். அவ்வினாவுக்கு விடை தந்தோருள் தலையாய ஒருவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன். அவர்தம் ஆய்வின் கதை இலக்கியம் பயில்வோர்க்கும் கவிதை படைப்போர்க்கும் சொல்லும் செய்தி யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

நரம்புகளின் மொழி

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பன அல்ல. அவற்றிடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கிறது? மின்பொறியாகத் தாவுகிறது என்றனர் ஒரு சாரார். வேதிப்பொருளாகச் சுரந்து சென்று சேர்கிறது என்றனர் மறு சாரார். 1921ஆம் ஆண்டில் ஓட்டோ லோவி என்பார் இரு தவளைகளின் இதயங்களைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்தார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அவ்விதயம் இருந்த நீர்மத்தை எடுத்து மற்றோர் இதயத்தின்மீது செலுத்தினார். நரம்பே தூண்டப்படாத இரண்டாம் இதயமும் துடிப்புத் தணிந்தது. நரம்பு சொன்ன சொல் நீர்மத்தில் கரைந்திருந்தது என்பது மெய்யாயிற்று. இத்துறையில் உழைத்த ஆங்கிலேய அறிஞர் ஹென்றி டேலும் லோவியும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. இதயத்திலும் தசையிலும் நிகழ்வது மூளையிலும் நிகழுமா? நினைவும் அச்சமும் ஆசையும் குடிகொண்ட அவ்வுறுப்பு இத்தகைய வேதிச் சாற்றால் இயங்கக்கூடும் என்பதை அக்கால அறிஞர் பலர் ஏற்கத் தயங்கினர். மூளை மின்னாற்றலால் இயங்கும் உறுப்பு என்னும் எண்ணமே 1950களின் நடுப்பகுதிவரை ஓங்கியிருந்தது.

ஒரு மூலிகையின் பயணம்

அவ்வெண்ணத்தை அசைத்த பொருள் இந்திய மண்ணிலிருந்து சென்றது. சர்ப்பகந்தி எனப்படும் மூலிகையின் வேர் இந்நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர் அவ்வேர் மனக்கொதிப்பையும் உயர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை மருத்துவ இதழொன்றில் எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்த நோயாளரிடம் தாம் கண்ட பயனைப் பிரித்தானிய இதய இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தை மட்டுமன்றி, கட்டுக்கடங்காத மனநோயாளரையும் அது அமைதிப்படுத்தியது.

இவ்விடத்தில் ஒரு விழிப்பு வேண்டும். ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்று கூறி அமைந்துவிடுவது எளிது. முன்னோர் அறிந்தது வேரின் பயனை. அறியாதது அப்பயன் விளையும் வழியை. அதனை அறிய ஆய்வுக்கூடமும் அளவுக் கருவியும் வேண்டியிருந்தன. அதே வேளையில், அவ்வேரின் பயனைக் கண்டு சொன்னோரின்றி அவ்வாய்வு தொடங்கியிருக்கவும் இயலாது. இரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதே நேர்மை.

கார்ல்சனின் திருப்பம்

ஆர்விட் கார்ல்சன் 1923ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள் உப்சாலா நகரில் பிறந்தார். தந்தையார் வரலாற்றுப் பேராசிரியர். தாயாரும் வரலாற்றில் பட்டம் பெற்று ஆய்வார்வம் மிக்கவர். எனினும் மக்களை வளர்ப்பதிலும் கணவரின் ஆய்வுக்குத் துணை நிற்பதிலுமே அவர்தம் காலம் பெரிதும் கழிந்தது. கணவர் மறைந்த பின்னரே தம் ஆய்வுக்கு முழுமையாகத் திரும்பினார். இடைக்காலச் சுவீடனில் பெண்கள் பெற்றிருந்த சட்டநிலை குறித்து அவர் எழுதிய நூல்களுக்காக உப்சாலா பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மகனின் புகழைப் பேசுங்கால் அத்தாயின் காத்திருப்பையும் பேசுதல் தகும்.

லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற கார்ல்சன் முதலில் உடலில் சுண்ணாம்புச் சத்தின் இயக்கத்தை ஆராய்ந்தார். அத்துறையில் நற்பெயர் பெற்றும், ஒரு பணிக்குப் போட்டியிட்டபோது தோற்றார். அவர் ஆய்ந்த பொருள் மருந்தியலின் நடுவண் பொருளன்று என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அத்தோல்வியே திருப்பமாயிற்று. 1955இல் அமெரிக்காவின் பெதஸ்டா நகருக்குச் சென்று, பெர்னார்ட் பிராடியின் ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ ஐந்து திங்கள் பணியாற்றினார். ரிசர்பின் மூளையிலுள்ள செரட்டோனினைக் காலி செய்துவிடுகிறது என்று பிராடியின் குழுவினர் அப்பொழுதுதான் கண்டறிந்திருந்தனர். செரட்டோனினையே அவர்கள் முதன்மையாகக் கருதினர். நார்அட்ரினலின் முதலிய பிற பொருள்களையும் ரிசர்பின் காலி செய்யுமோ என்னும் வினாவுடன் கார்ல்சன் நாடு திரும்பினார். நில்ஸ்-ஓக்கெ ஹில்லார்ப் என்னும் அறிஞருடன் சேர்ந்து, அது அவ்வாறே செய்கிறது என்று நிறுவினார்.

எழுந்து நடந்த முயல்கள்

இனி அவ்வாய்வின் உச்சமான நிகழ்ச்சி. ரிசர்பின் செலுத்தப்பட்ட முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. காதுகள் தொங்கின, கண்கள் மூடின, தட்டினும் நகரவில்லை. இழந்த வேதிப்பொருளைத் திருப்பித் தந்தால் அவை எழுமா? செரட்டோனினுக்கு மூலப்பொருளாகும் ஒன்றைச் செலுத்திய போது பயனில்லை. பின்னர் டோபா என்னும் மூலப்பொருளைச் செலுத்தினர். ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் முயல்கள் கண் திறந்து, காது நிமிர்த்தி, நடக்கத் தொடங்கின. கார்ல்சனும் அவர்தம் உடனாய்வாளர்களான மார்கிட் லிண்ட்குவிஸ்ட், டோர் மாக்னுசன் ஆகியோரும் 1957ஆம் ஆண்டு நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் இதனை வெளியிட்டனர்.

வியப்பு அத்துடன் முடியவில்லை. டோபாவிலிருந்து நார்அட்ரினலின் உருவாகி அதனால் முயல்கள் எழுந்தன என்று கருத இடமிருந்தது. மூளையை ஆய்ந்து பார்த்தபோது நார்அட்ரினலின் திரும்பியிருக்கவில்லை. அப்படியாயின் எழுப்பியது எது? டோபாவுக்கும் நார்அட்ரினலினுக்கும் இடையில் ஒரு படி உண்டு. அதன் பெயர் டோபமைன். 1910ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட பொருள்தான் அது. ஆயினும் வழிப்போக்கர் இடையில் தங்கும் சத்திரமே போல, வேறொன்றாக மாறுமுன் அமையும் இடைநிலைப் பொருள் என்ற அளவிலேயே மதிக்கப்பட்டு வந்தது. 1957இல் கேத்லீன் மாண்டகு என்னும் பெண் ஆய்வாளர் அது மூளையில் இருப்பதை இங்கிலாந்திலிருந்து அறிவித்திருந்தார். 1958இல் கார்ல்சன் குழுவினர் அதனை மூளையில் அளந்தறியும் முறையை வகுத்து, ரிசர்பின் அதனை மறையச் செய்வதையும் டோபா மீட்டுத் தருவதையும் காட்டினர். 1959இல் அவர்தம் மாணவர்களான பெர்ட்லரும் ரோசென்கிரெனும், மூளையின் ஆழத்தில் உடலசைவை நெறிப்படுத்தும் பகுதியில் டோபமைன் மிகுதியாகச் செறிந்திருப்பதைக் கண்டனர். இடைவழிச் சத்திரம் என்று எண்ணப்பட்டது தலைநகராக விளங்கியது.

ரிசர்பின் தந்த விறைப்பும் அசைவின்மையும் நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயின் அடையாளங்களை ஒத்திருந்தன. எனவே அந்நோய்க்கு டோபமைன் குறைவே காரணமாகலாம் என்று கார்ல்சன் கருதினார்.

அறிஞர் அவையில் ஐயம்

1960ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த ஆய்வரங்கில் இக்கருத்துகளை அவர் முன்வைத்தார். துறையின் மூத்தோர் ஏற்கவில்லை. நரம்புகள் வேதிப்பொருளால் பேசுகின்றன என்று நிறுவிப் பரிசு பெற்ற ஹென்றி டேலே அவ்வவையில் ஐயுற்றவருள் ஒருவர். எல்-டோபாவை ஒரு நச்சுப்பொருளாகவே அவர் கருதினார். நஞ்சை நஞ்சு முறிப்பது வியப்பே என்னும் போக்கில் அவர் பேசியதைக் கார்ல்சன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஒரு காலத்தில் புதுமை படைத்தோரே அடுத்து வரும் புதுமைக்கு வாயில் அடைப்பது இலக்கிய உலகிற்கும் புதிதன்று. மரபுக்கவிதையும் புதுக்கவிதையும் மோதிய காலத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கார்ல்சன் வாதாடிக் காலம் போக்கவில்லை. கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். ஹில்லார்ப்பும் ஃபால்க்கும் கண்ட ஒளிர்வு முறையால், இப்பொருள்கள் நரம்பணுக்களுக்குள்ளேயே இருப்பதை நுண்ணோக்கியின்கீழ்க் கண்ணால் காண முடிந்தது. ஐயம் மெல்ல அகன்றது.

நோயாளியின் படுக்கையருகே

முயலிடம் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா என்பதை வியன்னா நகரம் காட்டியது. அங்கே ஓலே ஹார்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளைகளை ஆய்ந்து, அசைவை ஆளும் பகுதியில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதை 1960இல் வெளியிட்டார். 1961இல் மருத்துவர் வால்தர் பிர்க்மாயருடன் சேர்ந்து நோயாளர்க்கு எல்-டோபாவை ஊசிவழிச் செலுத்தினார். எழ இயலாதோர் எழுந்தனர்; நடக்க இயலாதோர் நடந்தனர். ஆயினும் அப்பயன் சில மணி நேரமே நீடித்தது. 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், சிறிது சிறிதாக அளவை உயர்த்தி வாய்வழியே நெடுநாள் கொடுக்கும் முறையைக் காட்டிய பின்னரே அது நிலைத்த மருத்துவமாயிற்று. டோபமைனையே கொடுத்தால் இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது கடவாது, எல்-டோபா கடக்கும், கடந்தபின் மூளையினுள் டோபமைனாக மாறும். இதுவே அம்மருத்துவத்தின் நுட்பம்.

தமிழ்நாட்டு அவையில் குறிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. காட்டோரங்களில் படரும் பூனைக்காலியின் விதையில் எல்-டோபா இருக்கிறது. அதனை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்த செய்தியைத் தாமோதரன், இராமசாமி என்னும் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 1937ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். அப்பொருளின் மருத்துவப் பயன் தெரிய மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. சர்ப்பகந்தி வேரின் சத்து முயலை வீழ்த்தியது. பூனைக்காலி விதையிலும் உறையும் சத்து அதனை எழுப்பியது. இரு செடிகளுக்கும் இடைப்பட்ட தொலைவே கார்ல்சனின் ஆய்வு.

உணர்வு உண்டு, மெய்ப்பாடு இல்லை

பார்க்கின்சன் நோயுற்றோர் சிலரின் முகம் முகமூடி போலாகிவிடும். நகைத்தற்குரியதைக் கேட்டும் இதழ் விரியாது. துயரச் செய்தி கேட்டும் முகம் மாறாது. குரல் தாழ்ந்து ஒரே சீராகும். உள்ளே நகையும் அழுகையும் இருக்கும். அவற்றை வெளியே கொணரும் தசைகளுக்கு ஆணை செல்லாது. தொல்காப்பிய மரபு உணர்வை மெய்ப்பாட்டின்வழி அறியக் கற்பித்தது. இந்நோயாளரிடம் அவ்வழி அடைபட்டுவிடுகிறது. இல்லத்தார் ‘பேரன் வந்தும் முகம் கொடுக்கவில்லை’ என்று வருந்துவர். ‘கல்நெஞ்சம்’ என்று கூறுவோரும் உண்டு. உண்மையில் அவர் விரும்பாதவர் அல்லர், இயலாதவர்.

விரும்பாமைக்கும் இயலாமைக்கும் உள்ள இவ்வேறுபாடே கார்ல்சனின் ஆய்வு மனித குலத்திற்கு வழங்கிய பெருங்கொடை எனலாம். அசைவற்றுக் கிடந்த முயலைச் சோம்பல் என்று எவரும் பழிக்கவில்லை. அசைவற்று அமர்ந்த மனிதரை, வாய் மூடிக் கிடந்த மகளை, எழுந்து வேலைக்குச் செல்லாத மகனைத்தான் சமுதாயம் பழித்தது. சோம்பேறி, அழுத்தக்காரர், பைத்தியம் என்னும் சொற்களைத் தமிழில் எத்தனை எளிதாக வீசுகின்றனர்! சொல்லை ஆளும் கவிஞர்க்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. முகத்தில் தெரியாத உணர்வையும் உணர்ந்து பாடும் கவிதை வேண்டும்.

வேதியியலின் எல்லை

அங்ஙனமாயின் மனம் என்பது வேதியியலே, அதற்குமேல் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டலாமா? கார்ல்சனுக்குப் பின் வந்த வரலாறே அவ்வாறு கட்ட விடவில்லை.

1963இல் கார்ல்சனும் லிண்ட்குவிஸ்டும், மனச்சிதைவு நோய்க்குத் தரப்பட்டு வந்த குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் ஆகிய மருந்துகள் டோபமைன் முதலியவற்றின் ஏற்பிகளை அடைப்பதன்வழிச் செயற்படக்கூடும் என்றனர். அம்மருந்துகள் பலருடைய மனக்குழப்பத்தைத் தணித்தன. அவர்களுள் சிலர்க்குப் பார்க்கின்சன் நோயை ஒத்த விறைப்பையும் தந்தன. பார்க்கின்சன் நோயாளர் சிலர்க்கோ, டோபமைனைக் கூட்டும் மருந்துகள் இல்லாத உருவங்களைத் தோற்றுவித்தன. சிலரிடம் சூதாட்ட வேட்கையையும் தூண்டின. கூடினும் கேடு, குறையினும் கேடு. 1969இல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ், உறக்கநோய்க் கொள்ளைக்குப்பின் பல பத்தாண்டுகளாக உறைந்து கிடந்தோர்க்கு எல்-டோபா கொடுத்தார். அவர்கள் விழித்தெழுந்தனர், ஆயின் பலர்க்கு அவ்விழிப்பு நிலைக்கவில்லை, அடக்கவியலா அசைவுகளும் கிளர்ச்சியும் தொடர்ந்தன. 1973இல் வெளியான அவர்தம் ‘அவேக்கனிங்ஸ்’ என்னும் நூல் ஒவ்வொரு நோயாளியையும் பெயரும் வாழ்வும் உடைய மாந்தராகக் காட்டியது. மருந்து ஒன்றே, விழித்தெழுந்த வாழ்வுகள் வேறு வேறு.

கார்ல்சன் பங்கு கொண்டு உருவாக்கிய சிமெலிடின் என்னும் மனச்சோர்வு மருந்து, மூளையில் செரட்டோனினின் செயலை நீட்டிக்கும் வகையைச் சேர்ந்த முன்னோடி. அரிதான நரம்புக் கேடு சிலர்க்கு நேர்ந்தமையால் 1983இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதே வழியில் வந்த பிற மருந்துகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. எனினும், மனச்சோர்வு என்பது செரட்டோனின் குறைவே என்னும் எளிய விளக்கத்திற்குத் தக்க சான்றில்லை என்பது இன்று வலுவாக எடுத்துரைக்கப்படுகிறது. மருந்து பயன் தருகிறது என்பதாலேயே நோயின் காரணம் விளங்கிவிட்டது என்று கொள்ளுதல் கூடாது.

டோபமைனை ‘இன்பத்தின் சாறு’ என்று அழைக்கும் வழக்கம் இக்காலத்தில் மிகுந்துள்ளது. காதல் கவிதையிலும் அச்சொல் நுழைந்துவிட்டது. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் விழித்தன. ஒளி தோன்றினால் சாறு வரும் என்று குரங்கு கற்றபின், அவை ஒளிக்கே விழித்தன, சாற்றுக்கு அல்ல. எதிர்பார்த்த சாறு வாராதபோது அவற்றின் துடிப்புத் தாழ்ந்தது. ஆகவே அது சொல்வது எதிர்பார்ப்புக்கும் பெற்றதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை. துய்த்தலை மட்டும் அன்று. முல்லைத்திணையின் இருத்தலையும் நெய்தலின் இரங்கலையும் கற்றோர்க்கு, எதிர்பார்ப்பு என்பது இன்பத்தினும் வேறான, ஆழமான ஓர் உணர்வு என்பது புதிதன்று. ஆயினும் அகப்பாடலைக் குரங்கின் நரம்பணுவாகச் சுருக்குவதும், குரங்கின் நரம்பணுவில் அகப்பாடலைத் தேடுவதும் ஒரே தன்மைய பிழைகள். அறிவியல் எவ்வாறு நிகழ்கிறது என்கிறது; அந்நிகழ்ச்சி ஒருவர்க்கு என்ன பொருள் தருகிறது என்பதை இலக்கியம் சொல்கிறது.

புகழும் பங்கும்

2000ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கார்ல்சன், பால் கிரீன்கார்ட், எரிக் கேண்டல் ஆகிய மூவர்க்கும் வழங்கப்பட்டது. முயல்கள் எழுந்து நடந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. வியன்னாவின் ஹார்னிகீவிச் விடுபட்டமை குறித்து இருநூற்றுக்கும் மேற்பட்ட நரம்பியலார் வெளிப்படையாக மடல் எழுதித் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர். கார்ல்சன் முதுமையிலும் ஆய்வை விடவில்லை. 2018ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் அகவையில் மறைந்தார். ஹார்னிகீவிச் 2020இல் மறைந்தார்.

கண்டுபிடிப்பு என்பது ஒருவர் பெயரால் வழங்கினும் பலர் கை கோத்த செயல். பெயரறியா நாட்டு மருத்துவர், கல்கத்தாவின் இருவர், பம்பாய் மருத்துவர், சென்னையின் இருவர், கேத்லீன் மாண்டகு, மார்கிட் லிண்ட்குவிஸ்ட் என அவ்வரிசை நீளும். ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு வாழ்வும் அத்தகையதே. மேடையேறிப் பாடியோர் பெயர் மலரில் அச்சாகும். நாற்காலி இட்டோர், தபால் அட்டை எழுதியோர், கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டோர் பெயர்கள் அச்சாவதில்லை.

அக்கடைசி வரிசையில் முகம் அசையாமல் அமர்ந்திருப்பவர் கவிதையை விரும்பாதவர் என்று கவிஞர் முடிவு செய்ய வேண்டா. அவருள் கவிதை முழுமையாகச் சென்று சேர்ந்திருக்கலாம். அதனை வெளிக்காட்டும் வழி மட்டும் அடைபட்டிருக்கலாம். அவர்க்கும் சேர்த்தே இவ்வட்டம் பாடுக. அடுத்த பத்தாண்டும் அவ்வாறே பாடி வளர்க.